சல்லடை தள்ளிய சொந்தங்கள்

மயிலாப்பூர்
9 ஜனவரி 2025

சிரஞ்சீவி சாருலதாவுக்கு மாமா ஸ்ரீரங்கன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் உன் ஜலஜா மாமியின் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் க்ஷேமம். அவ்விடத்துக் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தோடுதான் இருக்கிறதா என்று எழுதவும்.

என் காது இரண்டும் போன தீபாவளியோடு விடைபெற்றுவிட்டன. போனில் நீ என்ன பேசினாலும் எனக்கு வண்டு ரீங்காரம்தான். "மிஷின் வெச்சுக்கோங்கோ" என்று மாமி கரடியாய்க் கத்துகிறாள். அதுவும் கேட்கவில்லை, பெருமாள் கருணை. ஆகவே இனி நமக்குள் தபால்தான். நாற்பது வருஷம் சிட்டி சிவில் கோர்ட்டில் மனு எழுதிய கை, சும்மா இருந்தால் அரிக்கிறது.

நீ பாசல் நகரத்துக்குத் தலைமைப் பதவியில் போன செய்தியை லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரை அடியேனே பரப்பினேன். முதல் நாள் உனக்குக் கீழே முப்பது பேர் என்றேன். மாட வீதியை ஒரு சுற்று வருவதற்குள் அது முந்நூறாகி, இப்போது சுவிட்சர்லாந்து ராணுவமே உன் உத்தரவுக்குக் காத்து நிற்பதாகக் கேள்வி! சபா கேன்டீனில் பரத்வாஜ் மட்டும் என் காதில் வாயை வைத்துக் குறுக்கு விசாரணை செய்தான். "ஓய், உம்ம மருமாள் கம்ப்யூட்டரா, டாக்டரா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்!" சாட்சி தடுமாறிவிட்டார். நீ செய்யும் வேலையை விளக்கி எழுது. உண்மை தெரிந்தால்தானே பொய்யை அளவாகச் சொல்ல முடியும்?

இங்ஙனம்,
மயிலை மாநகரின் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் திலகம்,
ஸ்ரீரங்கன்


பாசல்
30 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும் சாருவின் நமஸ்காரம். மூக்கு இருக்கிறது. நுனி மட்டும் காலையில் காணாமல் போய் மத்தியானம் திரும்பி வருகிறது. மாமியை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

பரத்வாஜ் மாமாவிடம் சொல்லுங்கள்: கொஞ்சம் அது, கொஞ்சம் இது. ஒரு மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன்னால், அது யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து மரபணுவை எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிடுகிறோம். ஒரு குழு படிக்கும், இன்னொரு குழு கணக்குப் போடும். இரண்டுக்கும் நான் தலைவி. எங்கள் மருந்துக் கம்பெனியின் தரமணி ஆபீசில் பத்தொன்பது பேர். அவர்களை கிஷோர் பார்த்துக்கொள்கிறான். இங்கே பன்னிரண்டு பேர். ராணுவம் இல்லை, மாமா.

இப்போது கையில் இருப்பது சிறுநீரகம் சுருங்கும் நோய்க்கான ஒரு மருந்து. ஜூன் மாதம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறோம். அதன் மரபணு அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சென்னை ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கும் முதல் மருந்து இது. போன வருஷம் சாந்தோம் முகாமில் நீங்களும் மாமியும் கையை நீட்டினீர்களே, அந்த ரத்தமும் இங்கே வெறும் எண்ணாக வந்திருக்கிறது. எது யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

மேலதிகாரி ஆந்த்ரே நல்ல மனுஷர். எல்லாருக்கும் அவரே காபி போட்டுத் தருகிறார். காபிதான் மகா மோசம்.

உங்கள் மருமாள்,
சாரு


மயிலாப்பூர்
18 பிப்ரவரி 2025

சாருவுக்கு ஆசீர்வாதம். மாமியின் முழங்கால் சமாதானக் கொடி காட்டியிருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம் சாதாரணம்; இது டாக்டரே ஆச்சரியப்பட்ட செய்தி.

என் ரத்தம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய விஷயத்தைப் படித்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது. கடற்கரையில் காலை நடைக்குப் போனவன், சக்கரவர்த்தி திக்விஜயம் போவது போலப் போனேன். நொச்சிக்குப்பம் பக்கத்தில் மீன் கூடையோடு ஜெசிந்தா மறித்தாள். என் பழைய கட்சிக்காரி. அவளும் புருஷன் வேதநாயகமும் அதே முகாமில் ரத்தம் கொடுத்தவர்கள். நான் செவிடு என்பதை உத்தேசித்து, இலங்கைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"இன்னா வக்கீலய்யா! சாரும்மா எங்க ரத்தத்த எட்த்துக்கினு போச்சே, அத்த இன்னா பண்ணிச்சி? எப்ப வேணா கேளுங்கன்னு சொல்லிச்சே?"

"மருந்து பண்ணிண்டிருக்கா, ஜெசிந்தா. உன் ரத்தம் இல்லாம உலகத்துல ஒரு மாத்திரை நகராதாம்" என்று அடித்துவிட்டேன்.

"அப்பிடியா! எங்க வூட்டுக்காரரு ரத்தமும் கீதா அதுல?"

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல."

அவள் சந்தோஷத்தில் கொசுறாக நெத்திலி எடுத்து நீட்டினாள். அக்கிரகாரத்து அடியேன் பெருந்தன்மையோடு மறுத்தேன். நான் சொன்னதில் பொய் ஏதுமில்லையே? இருந்தால் எழுது, திருத்தி, இன்னும் பெரிதாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
திக்விஜய ஸ்ரீரங்கன்


பாசல்
12 மார்ச் 2025

மாமாவுக்கும் மாமிக்கும் நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை.

நீங்கள் ஜெசிந்தாவிடம் சொன்னது பொய்யாகிவிடும் போலிருக்கிறது, மாமா. இது உங்களோடு இருக்கட்டும். நான் வெளியில் சொல்லக் கூடாத விஷயம்.

படித்த மரபணுக்களைக் கணக்கில் சேர்க்கும் முன்னால் கம்ப்யூட்டர் ஒரு சல்லடையில் சலிக்கும். ரத்தம் கெட்டுப்போயிருந்தால், ஒருவருடையதே இரண்டு தரம் வந்திருந்தால் தள்ளிவிடும். நம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி உண்டு: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே சொந்தம் என்றால் பல இடங்களில் இரண்டு பிரதியும் அச்சாக ஒன்று போலவே இருக்கும். அத்தை பிள்ளை, மாமா பெண் கல்யாணமே இல்லாத ஊரில் செய்த சல்லடை இது. அதைப் பார்த்ததும், ‘இது பிழை’ என்று தள்ளுகிறது. சென்னையிலிருந்து வந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

தள்ளியதையும் சேர்த்து நான் எடுத்துப் பார்த்தேன். ஈரலில் இந்த மருந்தை வெளியேற்ற வேண்டிய மரபணு, ஒன்பது பேரிடம் இரண்டு பிரதியிலும் மாறியிருக்கிறது. அப்படிப்பட்ட ஈரல் செல்களில் மருந்தைப் போட்டுப் பார்த்தோம். அது வெளியேறவே இல்லை. உடம்பில் தங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஒன்பதில் எட்டுப் பேரைச் சல்லடை தள்ளிவிட்டது. மிஞ்சிய ஒருவரைத் தற்செயல் என்று எழுதிவிடலாம்.

ஆந்த்ரேயிடம் சொன்னேன். "உலகம் முழுக்க இதே சல்லடைதான். உனக்காக மாற்றினால் ஆறு மாதம் போய்விடும்" என்றார். காபி கொடுத்தார்.

சொந்தத்தில் கட்டிக்கொள்வது நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. கட்டிக்கொண்டவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சிறுநீரகம் இருக்கிறது. என் அப்பா அம்மாவே அத்தை பிள்ளையும் மாமா பெண்ணும்தான். என் ரத்தத்தைப் போட்டால் சல்லடை என்னையும் தள்ளும்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

சாரு


மயிலாப்பூர்
29 மார்ச் 2025

சாருவுக்கு, கோபத்தில் கொதிக்கும் மாமாவின் ஆசீர்வாதம். க்ஷேமம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை; மாமி உன்னை இரண்டு போர்வை போர்த்திக்கொள்ளச் சொன்னாள்.

நான் பிழையா? கேட்கிறேன், என் அப்பா அம்மாவும் அத்தை பிள்ளை, மாமா பெண்தான்; நான் பிழையா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, வைகாசி மாதம், நாலாயிரம் பேர் சாப்பிட்ட பந்தியில், என் சொந்த அம்மான் பெண் ஜலஜாவின் கையைப் பிடித்தவன் நான். (மாமி எட்டிப் பார்த்து, என் காதில் கத்தி, "நூத்தி அறுபது பேர். ரசம் வேற பத்தலை" என்கிறாள். ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது.) இப்படித் தலைமுறையாக நடக்கும் கல்யாணங்களை ஒரு சுவிட்சர்லாந்துச் சல்லடை தள்ளுபடி செய்வதா? எந்த அதிகார வரம்பில்? எங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்களா? எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு எழுத, இது என்ன மாமியார் வீடா?

மாமியிடம் விஷயத்தைச் சுருக்கிச் சொன்னேன். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே என் காதருகே வந்து, "நாம சரியில்லைன்னு நம்மாத்துல சொன்னாலே பொறுக்க மாட்டேன். அவா யாரு சொல்றதுக்கு?" என்றாள்.

அதோடு நிறுத்திக்கொண்டோம். என் வாய் கிணறு, மாமியின் வாய் அதைவிட ஆழம்.

ஸ்ரீரங்கன்


பாசல்
24 ஏப்ரல் 2025

மாமா, மாமிக்கு நமஸ்காரம். இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை விட்டுவிட்டது. ஆற்றங்கரையில் மரங்கள் பூத்திருக்கின்றன. பகல் நீண்டுகொண்டே போகிறது. நீங்கள் இருவரும் வெயிலில் அலைய வேண்டாம். மோர் குடியுங்கள்.

சாரு


மயிலாப்பூர்
8 மே 2025

சாருவுக்கு ஆசீர்வாதம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. குளத்தில் மீன்கள் வேகவைத்த பக்குவத்தில் மிதக்கின்றன. நாங்கள் க்ஷேமம்.

உன் கடிதத்தை ஒரு பக்கம் பார்த்து, திருப்பி மறுபக்கம் பார்த்து, விளக்கில் பிடித்தும் பார்த்தேன். மழை, மரம், மோர். வானிலை ஆராய்ச்சி மையத்திலா வேலை பார்க்கிறாய்?

ஆகவே தரமணிக்கே படையெடுத்தேன். கிஷோரை வாசலில் மடக்கி, ஜூஸ் கடையில் நிறுத்தினேன். செவிடனிடம் ரகசியம் சொல்ல முடியாது. கத்தினால் தரமணி முழுக்க சாட்சியாகிவிடும். பாவம், பிள்ளை போனில் பெரிய எழுத்தில் தட்டித் தட்டிக் காட்டினான். "மேடம் சைன் பண்ணலன்னா இந்த ஆபீசுக்குப் பூட்டுன்னு சொல்லிட்டாங்க சார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"நீங்கள்ளாம் என்ன சொன்னேள்?" என்றேன்.

ரொம்ப நேரம் தட்டினான். கடைசியில் காட்டியது ஒரே வரி: "பத்தொன்பது பேரும் சைன் பண்ணாதீங்கன்னு மேடம்கிட்ட சொல்லிட்டோம்."

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. காலையில் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடக்கிறேன். பழக்க தோஷத்தில் கொஞ்சம் எழுதுகிறேன். அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கன்


பாசல்
11 ஜூன் 2025

மாமாவுக்கு,

மாமியின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்களைப் பற்றி விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

சென்னையில் இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவுக்கு அறுபத்தொரு கடிதங்கள் போயிருக்கின்றன. எல்லாம் முகாமில் ரத்தம் கொடுத்தவர்களிடமிருந்து. ‘என் ரத்தத்தைச் சேர்த்தீர்களா, தள்ளினீர்களா, தள்ளினால் ஏன்’ என்று கேட்கின்றன. அறுபத்தொன்றும் ‘கனம் பொருந்திய குழுவினர் திவ்விய சமூகத்துக்கு’ என்று தொடங்குகின்றன. மீன் விற்கிறவர்கள் இப்போது இப்படித்தான் எழுதுகிறார்களா?

குழு கம்பெனியைக் கேட்டது. கம்பெனி என்னைக் கேட்டது: தள்ளிய விஷயத்தை வெளியே சொன்னாயா? சொன்னேன் என்றேன். யாரிடம்? என் மாமாவிடம். விசாரணை முடியும்வரை தலைமைப் பொறுப்பிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள்.

நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன், மாமா. என்னை அசைக்க அவர்களிடம் ஒரு காரணமும் இல்லை. சொன்ன கணக்கு சரி, செய்த சோதனை சரி. இப்போது ‘வாய் காக்கத் தெரியாதவள்’ என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என் சண்டையை என் கையிலிருந்து பிடுங்கி, நீங்கள் விளையாடிவிட்டீர்கள்.

கையெழுத்து இன்னும் போடவில்லை. போடவும் மாட்டேன். ஆனால் இனி அது தைரியம் என்று யாரும் நினைக்கப் போவதில்லை.

சாரு


மயிலாப்பூர்
24 ஜூன் 2025

சாரு,

மாமி என்னோடு பேசி ஆறு நாளாகிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் முதல் குற்றச்சாட்டுக்கு எதிர்வாதம் இல்லை. நீ ரகசியம் என்றாய். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் கடற்கரைக்குப் போனேன். அங்கே உன் சல்லடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது சட்டப்படி செல்லும், உன்னிடம் செல்லாது. அதற்காக விசாரணை என்றால் என்னைக் கூப்பிடச் சொல். வருகிறேன்.

ஆனால் நடந்ததை உள்ளபடி கேள். நான் ஜெசிந்தாவிடம் கேட்டது ஒன்றுதான். "ரத்தம் என்ன ஆச்சுன்னு என்னைக் கேட்டியே, கேட்க வேண்டிய இடத்துல கேட்டியா?"

"அத்துக்கு ஒரு எடம் கீதா?"

"முகாம்ல ஒரு காகிதம் குடுத்தாளே, அதுல விலாசம் இருக்கே."

"அதுல நான் மீனு கட்டிக் குட்த்துட்டேன் வக்கீலய்யா!"

என் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். எழுதச் சொன்னாள். ஒன்று எழுதினேன். அதோடு போயிருக்கும். வலை பின்னிக்கொண்டிருந்த வேதநாயகம், "எனுக்கும் ஒண்ணு போடு" என்று கத்தினான். அவன் தங்கை, அவள் நாத்தனார், ஐஸ் கடைக்காரர் என்று வரிசை வந்துவிட்டது. மறுநாள் செய்தி மாட வீதிக்கு எட்டி, நம் ஜனங்களும் வந்தார்கள். என்னுடையதையும் சேர்த்து அறுபத்தொன்றில் கை வலித்தது. இன்னும் இரண்டு பேர் வந்திருந்தால் அறுபத்துமூவர் உற்சவமே நடத்தியிருப்பேன்.

மன்னித்துக்கொள், சிரிப்பு வரவில்லைதானே. எனக்கும்தான்.

ஒன்று மட்டும். கேட்டவன் நான் மட்டுமில்லை. நடை என்னுடையது, கேள்வி அவர்களுடையது. அதை வாபஸ் வாங்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்கும் இல்லை.

மாமா


பாசல்
20 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கும் மாமிக்கும் நமஸ்காரம். மாமி, அவரோடு பேசுங்கள். எனக்காக ஒருத்தர் பேசாமல் இருந்தது போதும்.

போன கடிதத்துக்கு நான் உடனே பதில் போடவில்லை. கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அதை வைத்துக்கொள்கிறேன்.

நெறிமுறைக் குழு என்னை வீடியோவில் அழைத்தது. ஆந்த்ரேயும் பக்கத்தில் இருந்தார். குழுத் தலைவி நஸ்ருன்னிசா என்பவர் நேராகக் கேட்டார்: "தள்ளப்பட்டவர்கள் பிழையா?" இல்லை என்றேன். அவர்கள் பெற்றோர் சொந்தக்காரர்கள், என் பெற்றோரைப் போல; சல்லடை செய்தவர்கள் எங்களைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எட்டுப் பேரின் கணக்கைக் காட்டினேன். ஈரல் செல் சோதனையைக் காட்டினேன். நஸ்ருன்னிசா ஆந்த்ரே பக்கம் திரும்பி, "இதில் எது தவறு?" என்றார். அவர் கணக்கை வரிவரியாகப் படித்துவிட்டு, "எதுவும் இல்லை" என்றார். நல்ல மனுஷர் என்று முதலிலேயே எழுதினேன். தாமதமாக நல்லவர்.

தள்ளியவர்களைச் சேர்த்து மறுபடி கணக்குப் போடும்வரை மருந்துக்கு அனுமதி இல்லை. அந்தக் கணக்கைத் தரமணிக் குழுதான் போடப் போகிறது. அந்த ஆபீசுக்குப் போட இருந்த பூட்டு திரும்பப் போய்விட்டது.

எனக்குப் பதவி திரும்பவில்லை. அக்டோபரில் வேறொருவர் வருகிறார். விசாரணை முடிவில் இரண்டு காகிதம் கொடுத்தார்கள். வெளியே சொன்னது தவறு என்று ஒன்று. அது நியாயம், ஒப்புக்கொண்டேன். அறிக்கையில் கையெழுத்திட மறுத்தது தவறு என்று இன்னொன்று, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராஜினாமா செய்தால் கௌரவமாக இருக்கும் என்றார்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, வேண்டுமானால் காரணம் எழுதி நீக்குங்கள் என்றேன். இதுவரை யாரும் எழுதவில்லை.

கேட்ட அறுபத்தொரு பேருக்கும் தமிழில் பதில் தர வேண்டும் என்பது குழுவின் உத்தரவு. இந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தது நான் ஒருத்திதான்! ‘உங்கள் மாதிரிகள் சர்வதேசத் தரத்தின்படி கையாளப்பட்டன’ என்று இங்கிலீஷில் ஒன்று எழுதி, மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று, நானே எழுதினேன். ‘உங்களில் மூன்றில் ஒருவரை, அப்பா அம்மா சொந்தக்காரர்கள் என்பதால், பிழை என்று தள்ளினோம்; எண் மட்டுமே இருப்பதால் யாரை என்று எங்களுக்கே தெரியாது. பிழை எங்களுடையது. இப்போது சேர்த்திருக்கிறோம்.’ ஆந்த்ரே, "இது சரிதானா?" என்றார். "யாரிடம் வேண்டுமானாலும் படிக்கக் கொடுங்கள்" என்றேன். கொடுக்கவில்லை. அனுப்பச் சொன்னார்.

அறுபத்தொன்றிலும் நானே கையெழுத்துப் போட்டேன்.

சாரு


மயிலாப்பூர்
6 செப்டம்பர் 2025

சிரஞ்சீவி சாருலதாவுக்கு ஆசீர்வாதம். மாமி பேசிவிட்டாள். இரண்டு மாத பாக்கியையும் ஒரே நாளில் பேசினாள். காது கேட்காதது எவ்வளவு பெரிய வரம்!

எனக்கும் ஒரு பதில் வந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று என்னை அழைத்த முதல் ஆள் நீதான். நாற்பது வருஷம் நான் கோர்ட்டில் அழைத்தேன், ஒருத்தரும் திருப்பி அழைத்ததில்லை.

ஜெசிந்தா தன் கடிதத்தை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். என் குரல் அளவு எனக்குத் தெரியாதல்லவா? சந்தை முழுவதும், கட்டுமரத்தில் இருந்தவர்கள் வரை, கேட்டிருக்கிறது. ஏலம் நின்றுவிட்டது.

வேதநாயகம்தான் முதலில் வாயைத் திறந்தான். "எங்க நைனா அவுரு அத்தைப் பொண்ண கட்டிக்க பிஷப்பே பர்மிசன் குட்த்தாரு. கம்ப்யூட்டரு குடுக்கலியாமா? நல்லா கீதுபா கதை!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கத்தியைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னதை உனக்கு எழுதச் சொன்னாள். ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன், நம்பு.

"சாரும்மாகிட்ட சொல்லு. இன்னொரு தபா ரத்தம் வேணும்னா எட்த்துக்கட்டும். எங்க புள்ளைங்களும் குடுக்கும். ஆனா தள்றதுன்னா இங்க வந்து, எங்க மூஞ்சப் பாத்து சொல்லிட்டுத் தள்ளச் சொல்லு. எவன் வர்றான்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டு, வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் தனியாக்கி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஸ்ரீரங்கன்